ஞாயிற்றுக்கிழமைப் பீடி

இதை எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாகவே எனக்குப் பல வருடங்கள் போய்விட்டன. மூன்று தடவை மறைக்கல்வி நோட்டின் பின்பக்கத்தில் ஆரம்பித்தேன். மூன்று தடவையும் கிழித்து அடுப்பில் போட்டேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன், எழுத்து வராது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எழுத்து வரும். வெட்கம்தான் விடவில்லை.

கொஞ்ச நாள் முன்பு டிவியில் செய்தி சொன்னார்கள். சிகரெட்டுக்கு வரியை மறுபடியும் ஏற்றியிருக்கிறார்களாம். பீடிக்குக் குறைத்திருக்கிறார்களாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து கை கழுவினேன். "இன்னா, கொழம்புல உப்பு ஜாஸ்தியா?" என்று கேட்டாள் என் மனைவி. பிறகு டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "இன்னும் எத்தினி நாளைக்கி உள்ளயே வெச்சிக்கப் போற?" என்றாள்.

விஷயம் இதுதான். நான் செய்த ஒரு காரியத்தின் பழியை, அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பெண் சுமந்துகொண்டு ஊரை விட்டுப் போனாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் ரோட்டில் எனக்கு ஒரு பெட்டிக்கடை. மேலே திரு இருதய ஆண்டவர் படம், அதற்குக் கீழே சிகரெட் அட்டைகள் அடுக்கின தட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாடம், சொல்லித் தருவேன். மற்ற நாளில் இந்தத் தட்டில் இருப்பதை விற்பேன். இரண்டுக்கும் நடுவில் ஏதோ இடிக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

பாக்கெட் மேல் பெரிதாகப் படம் போடச் சட்டம் வந்தபோது கடையில் தினமும் ஒரே கூத்துதான்.

"ஏம்பா, இந்தத் தொண்ட படம் வேணாம். போன வாட்டி குடுத்தியே, அந்த மாதிரி குடு."

"எல்லாத்துக்கும் உள்ள ஒரே சரக்குதான்யா."

"உள்ள இருக்கறத நான் பாத்துக்கறேன். வெளிய இருக்கறத நீ மாத்து."

படத்துக்கு இப்படிச் சிரித்தவர்கள் விலைக்குச் சிரிக்கவில்லை. வரி ஏற ஏற உப்பளத்து ஆட்கள் ஒரு சிகரெட்டை இரண்டு பேராகப் பிடித்தார்கள். சிலர் பாதி பிடித்து அணைத்து, மீதியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலைப்பாகையில் செருகிக்கொண்டார்கள். சிலர் பீடிக்கு மாறினார்கள். ஒன்றிரண்டு பேர் நிறுத்தியே விட்டார்கள். அந்த ஒன்றிரண்டு பேரில் ஒருவர்தான் என் தங்கை வீட்டுக்காரர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார்.

அவருக்கு உப்பளத்தில் கூலி வேலை. விடிவதற்கு முன்னால் போய்ப் பாத்தியில் இறங்கி உப்பு வாரினால், வெயில் ஏறும்போது என் கடைக்கு வருவார். கால் வெடிப்பில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். ஒரு டீ, ஒரு சிகரெட். அவருக்கு ஆண்டவர் கொடுத்த ஒரே சொத்து குரல். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், சிலுவைப்பாதை ஊர்வலம் பதினான்கு தலத்தில் நின்று நின்று போகும்போது, ஒவ்வொரு தலத்துக்கும் அவர்தான் பாட்டெடுப்பார். மைக் தேவைப்படாது. கோயிலுக்கு வராத கடற்கரைச் சனங்கள்கூட ரோட்டோரம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் வருடா வருடம் அந்தக் குரலில் இருமல் ஏறிக்கொண்டு வந்தது. ஐந்தாவது தலத்துக்குப் பிறகு வரியை உடைத்து உடைத்துப் பாடுவார். என் தங்கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு வருடம் பட்ஜெட்டுக்கு மறுநாள் கடைக்கு வந்தவர் புது விலையைக் கேட்டுவிட்டு எடுத்த சிகரெட்டைத் திருப்பி வைத்தார்.

"இன்னா மச்சான் அநியாயம் இது? வெயில்ல நின்னு நான் வார்ற உப்புக்கு வெல ஏற மாட்டேங்குது. ஊதற பொகைக்கு மட்டும் ஏறிக்கினே போவுது."

"டெல்லிக்குப் போய்க் கேளு மாப்ள."

"கேக்க மாட்டேன். நிறுத்திடறேன். நான் ஊதித்தான் கெவுருமெண்டு நடக்கணுமா?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன், "நிறுத்துவாரு, நிறுத்துவாரு. சாயந்தரம் அஞ்சு மணிக்கி மறுபடி பத்த வெச்சிடுவாரு" என்றான். கடையே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் அடுத்து வந்த சாம்பல் புதன் அன்று, தவக்காலம் தொடங்கும் நாளில், நெற்றிச் சாம்பலோடு கோயில் வாசலில் நின்று, இந்தத் தவக்காலம் முழுக்கத் தொட மாட்டேன் என்று எல்லார் எதிரிலும் சொன்னார்.

அன்று சாயங்காலமே என் தங்கை கடைக்கு வந்தாள்.

"அண்ணா, உன்னாண்ட ஒண்ணு கேக்கறேன். அவரு வந்து கேட்டா குடுக்காத. கால்ல வுழுந்தாலும் குடுக்காத."

"குடுக்க மாட்டேன் போ."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியம்லாம் பண்ணக் கூடாது தங்கச்சி. பத்துக் கட்டளையிலயே இருக்குது. நான் சொன்னா சொன்னதுதான்."

அவள் நம்பிவிட்டுப் போனாள். சத்தியம் செய்யாத என் பக்தியை நினைத்து நான் கொஞ்சம் பெருமைப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

முதல் வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. மேஸ்திரியோடு சண்டை, வீட்டில் தட்டை எறிவது, ஒரு நாள் பாத்தி வரப்பில் சும்மா உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. எந்நேரமும் வாயில் ஒரு வேப்பங்குச்சி. ஆனால் இரண்டாவது வெள்ளிக்கிழமை இருமல் குறைந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஒன்பதாவது தலத்தில், ஒரு முழு வரியை ஒரே மூச்சில் இழுத்துப் பாடினார். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முடிந்ததும் என்னிடம் வந்து, "மச்சான், வரி முடிஞ்சும் மூச்சு மிச்சம் இருக்குது" என்றார். ஏதோ கீழே கிடந்து கிடைத்த பொருளைக் காட்டுகிற மாதிரி நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். தங்கை அன்று முக்காட்டைக் கீழே இறக்கவில்லை. நிமிர்ந்து நடந்தாள்.

வரி போட்டவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்களைத் தெரியாது. ஆனாலும் நானோ பங்குச் சாமியாரோ சொல்லி நடக்காதது அவர்கள் ஏற்றின விலையால் நடந்தது. இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான்காவது வாரம் காலம் தவறி மழை கொட்டியது. வாருவதற்குத் தயாராக இருந்த உப்பெல்லாம் ஒரே ராத்திரியில் கரைந்து, பாத்தி முழுக்க வெறும் தண்ணீர் நின்றது. இனி உப்பு விளைய நாளாகும். அதுவரைக்கும் வேலை கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து நான் கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வந்தார். வெள்ளை வேட்டி, தலையில் எண்ணெய். வாயில் அதே வேப்பங்குச்சி, கடித்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான், நீ மறைக்கல்வி வாத்தியாரு. ஒரு சந்தேகம்."

"கேளு மாப்ள."

"தவக்காலம் நாப்பது நாளுன்றாங்க. சாம்பல் புதன்லேர்ந்து எண்ணுனா நாப்பத்தாறு வருதே?"

இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். "ஞாயித்துக்கிழம கணக்குல சேராது. அது ஆண்டவர் உயிர்த்த நாளு. அன்னிக்கி ஒறுத்தல், விரதம் எதுவும் கெடையாது" என்றேன்.

"அப்ப இன்னிக்கி கெடையாது?"

அப்போதுதான் அவர் எங்கே வருகிறார் என்று புரிந்தது. சிரித்து, முதுகில் தட்டி, வீட்டுக்குப் போ என்று அனுப்பியிருக்க வேண்டும். தங்கைக்குச் சொன்ன வார்த்தை ஞாபகமும் வந்தது. ஆனால் கணக்கில் சேராது என்று இப்போதுதான் என் வாயால் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். அதிலிருந்து இறங்க மனம் வரவில்லை.

"சிகரெட்டு குடுக்க மாட்டேன் மாப்ள."

"நான் கேக்கலியே."

"உன் கண்ணு கேக்குது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தட்டின் கீழ் வரிசையில் பீடிக் கட்டுகள் இருந்தன. அன்று என் புத்தியில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். பாவத்தில் இரண்டு உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம். சாவான பாவம், அற்பப் பாவம். பெரிய பாவத்துக்குப் பெரிய தண்டனை, சின்னதுக்குச் சின்னது. சிகரெட்டுக்கு வருடா வருடம் வரியை ஏற்றுகிறார்கள், பீடியை அவ்வளவாகத் தொடுவதில்லை. அப்படியானால் சிகரெட் சாவான பாவம், பீடி அற்பப் பாவம். அளந்து பார்த்துத்தானே வரி போட்டிருப்பார்கள்? படித்த அதிகாரிகளுக்குத் தெரியாதா?

"பீடின்னா பரவால்ல மாப்ள. கெடுதல் ஜாஸ்தியா இருந்தா அதுக்கும் அந்த அளவு வரி போட்டிருக்க மாட்டாங்களா? ஒண்ணே ஒண்ணு."

"நீ சொன்னா சரி மச்சான்" என்றார்.

கடல் காற்று அதிகமாக இருந்தது. அவர் கிழித்த தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. நானே கிழித்து, கையைக் குவித்து மறைத்து, பற்றவைத்துக் கொடுத்தேன். காசுகூட வாங்கவில்லை.

பிறகு எத்தனையோ தடவை இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பீடி வேண்டுமென்றால் ஊரில் பத்து கடை இருந்தது. அவர் என்னிடம் வந்தது அனுமதிக்காக. நான் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பார். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

அடுத்த ஞாயிறு இரண்டு. குருத்து ஞாயிறு அன்று கையில் ஓலையோடு வந்து மூன்று. உயிர்ப்புத் திருநாள் முடிந்த மறுநாள், "தவக்காலம் முடிஞ்சிடுச்சி மச்சான்" என்று சிரித்துக்கொண்டே ஒரு கட்டு கேட்டார். கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கினேன். பாத்தியில் ஈரக் கையோடு பிடித்தால் பீடி அணைந்து அணைந்து போகும். அணையாமல் இருக்க விடாமல் இழுக்க வேண்டும். முன்பு நாளைக்கு நாலைந்து சிகரெட் பிடித்தவர், மலிவு என்பதால் ஒரு கட்டு பீடியை ஒரே நாளில் முடித்தார்.

வாசனையை எத்தனை நாள் மறைக்க முடியும்? தங்கை கேட்டிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், பஸ் ஸ்டாப் கடையில் வாங்கினேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாப் கடை ஒரு அக்காவுடையது. புருசன் இல்லை. ஒரே பெண்ணையும் கட்டிக்கொடுத்துவிட்டு, பூவும் தண்ணீர் பாட்டிலும் பீடியும் விற்றுத் தனியாகப் பிழைத்தவள். எங்கள் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் மாதா தேர்ப் பவனிக்கு எங்கள் தெருவே அவளிடம்தான் மல்லிகை வாங்கும். தங்கை அங்கே சண்டைக்குப் போயிருக்கிறாள் என்று யாரோ ஓடிவந்து சொன்னதும் நான் போனேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வளைத்து நின்றார்கள்.

"உனக்கும் ஒரு பொண்ணு இருக்குதே, வயிறு எரியாது? நாலு வாரமா வாயில வெக்காத மனுசனுக்கு எடுத்து நீட்டியிருக்கியே!"

"யாருக்கும்மா? உங்க வீட்டுக்காரருக்கா? அவரு எங்கடைக்கி வந்தே வருசமாவுது."

"பொய் சொல்லாத. அவரே சொன்னாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுப்பா. அவரு எப்பவும் உன் கடையாண்டதானே நிப்பாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மறைக்கல்வி வாத்தியார். பொய் சொல்லாதவன். நானும் அன்று பொய் சொல்லவில்லை. தங்கையின் கையைப் பிடித்து, "வுடு தங்கச்சி, வா போலாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்பதை நின்றவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அந்த வருடம் தேருக்கு எங்கள் தெருப் பெண்கள் வேறு இடத்தில் பூ வாங்கினார்கள். அதற்கு அடுத்த வருடமும் அப்படித்தான்.

மாப்பிள்ளையின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஒரு தவக்காலத்தில் ஏழாவது தலத்தோடு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடம் மூன்றாவது தலம். அதற்குப் பிறகு மைக்கில் வேறு ஒருவர் பாடினார். பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள். அவரால் ஊத முடியவில்லை. டாக்டர் எத்தனை வருடமாகச் சிகரெட் என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, "சிகரெட்ட எப்பவோ வுட்டுட்டாருங்க. பீடிதான்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

"பீடிதான்னா என்ன அர்த்தம்? அது கொறஞ்ச கெடுதல்னு யார் சொன்னது உங்களுக்கு?"

"அதுக்கு வரி கம்மிங்களே டாக்டர்."

அவர் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வரி எவ்வளவுன்னு நுரையீரலுக்குத் தெரியாதுங்க. பீடிய இன்னும் இழுத்துக் குடிக்கணும். புகையும் அந்த அளவுக்கு உள்ள போகும்" என்றார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு, "நானேதான்... அப்பிடி நெனச்சிக்கிட்டேன் டாக்டர்" என்றார். இரண்டாவது தடவையும் என்னைக் காப்பாற்றினார்.

பீடிக்கு ஏன் குறைவாக வரி போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பீடி சுற்றிப் பிழைக்கும் ஏழைப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதற்காக என்று ஒருவர் சொன்னார். அது நியாயமாகவே இருக்கலாம். வேறு எதற்காகவோ போட்ட ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு நான் விஷத்தை அளந்தேன். அந்தத் தப்பை அரசாங்கத்தின் தலையில் கட்ட மாட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கடையில் புகையிலைச் சாமான் வைப்பதை விட்டேன். சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை எதுவும் இல்லை. பங்குச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். செபமாலை சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். சாமியார், "முதல்ல அந்த அம்மாகிட்ட போய் உண்மையைச் சொல்லுங்க" என்றார். சரி என்று வந்தேன். கிறிஸ்மஸ் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு திருவிழா முடியட்டும் என்று. அதற்குள் ரோட்டை அகலப்படுத்த வந்து பஸ் ஸ்டாப் கடையை எடுத்துவிட்டார்கள். அக்கா கிளியனூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். ஒரு நாள் கிளியனூர் போய் விசாரித்தேன். மகள் வீட்டோடு சென்னைப் பக்கம் போய்விட்டாள், எந்த இடம் என்று தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். தேடிப் போனது போதும் என்று அப்போது மனதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை ஆண்டவர் மன்னிக்க வேண்டும்.

டிவியில் செய்தி வந்த மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வாசலில் பிளாஸ்டிக் சேரில் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அப்படித்தான் உட்கார முடிகிறது. இரண்டு பேர் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பீடி, தீக்குச்சி, பஸ் ஸ்டாப்.

தங்கை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னிக்கி என் கையப் புடிச்சி இஸ்துக்கினு வந்தியே. எங்கண்ணன் எவ்ளோ நல்லவன், சண்ட வேணான்னு கூட்டிக்கினு வர்றான்னு நெனச்சேன்" என்றாள்.

"நான்தான்... மச்சான் பேர... சொல்லல" என்றார் மாப்பிள்ளை.

"நீ பேசாத. மூச்சு வாங்குது." அவரை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவ்ளோ பேரு முன்னாடி அந்தக்காவ நான் வயிறு எரியப் பேசினேன். பூ வாங்கக் கூடாதுன்னு வூடு வூடாப் போய்ச் சொன்னதும் நான்தான். அது உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அன்றுதான் தெரிந்தது.

"மன்னிப்பு நான் கேக்கணும். எங்க போய்க் கேப்பேன்? உனக்குத்தான் எழுத வரும்ல. எழுது. எழுதி நாலு பேரு கையில குடு. எப்பிடியாச்சும் அந்தக்கா காதுக்குப் போய்ச் சேரட்டும்." இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உட்கார் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை என் கடைப் பக்கமும் வரவில்லை.

அதனால் எழுதிவிட்டேன். படிக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுதல். இதை அடுத்தவருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பாவம், இரக்கப்பட்டுக் கொடுத்தான் என்று என் பக்கம் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள், சேர்த்துவிடுவார்கள். மாப்பிள்ளை கேட்டார் என்றும் சொல்ல வேண்டாம், அந்த முதல் ஞாயிறு அவர் வாய் திறந்து பீடி கேட்கவே இல்லை. மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் பூக்கடை வைத்திருந்த அக்கா அவருக்குப் பீடி கொடுக்கவில்லை. கொடுத்தவன் நான். அவள் கேட்டபோது தெரிந்தும் பேசாமல் நின்றவனும் நான். சென்னைப் பக்கம் எங்காவது மகள் வீட்டில் அப்படி ஒரு அம்மா இருந்தால், அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, யாராவது உட்கார்ந்து முழுக்க வாசித்துக் காட்டுங்கள். எதையும் விட்டுவிடாமல் வாசியுங்கள்.